மாலை நேரத்து மணிக்கட்டு

உம்மா இறந்து பத்தொன்பது நாள் ஆகிறது. அவருடைய மருத்துவமனை அறைச் சாவியை நேற்றுத்தான் திருப்பிக் கொடுத்தேன். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அதை யாரும் கேட்கவில்லை. அவரும் கொடுக்கவில்லை.

தீக்காயப் பிரிவின் இரண்டாம் மாடியில், அழுக்குத் துணி இறங்கும் லிஃப்டுக்குப் பக்கத்தில் அந்த அறை இருக்கிறது. பத்தடிக்கு எட்டடி. ஒரு ஜன்னல். இரண்டு தையல் இயந்திரங்கள். ஒன்று நேர்த்தையலுக்கு, மற்றது வளைந்து வளைந்து போகும் தையலுக்கு. சுவரில் சாய்த்து வைத்த, இழுத்தால் நீளும் துணி உருளைகள். கம்பெனிக்காரர்கள் அதன் நிறத்துக்குத் தோல் நிறம் என்று பெயர் வைத்திருந்தார்கள். "யார் தோலு?" என்று உம்மா கேட்பார். முப்பது வருடத்தில் அந்த நிறத்தில் ஒரு மனிதரையும் அவர் பார்த்ததில்லை.

தீக்காயம் ஆறும்போது புதிதாக வரும் தோல் தடித்துச் சுருங்கும். மூட்டை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மடங்கிய விரல் நிமிராது, நிமிர்ந்த விரல் மடங்காது. அதைத் தடுக்க, உடம்பைவிடச் சற்றுச் சின்னதாகத் தைத்த இறுக்கமான உறையை நாளுக்கு இருபத்துமூன்று மணி நேரம், ஒரு வருடத்துக்கும் மேலாக அணிந்திருக்க வேண்டும். கைக்கு, காலுக்கு, சிலருக்கு முகத்துக்கு. அதைத் தைப்பதுதான் உம்மாவின் வேலை. பதிவேட்டில் 'தையலர், நிலை இரண்டு'. வார்டில் துணிக்காரம்மா.

வாப்பா லிஃப்ட் மெக்கானிக். எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது ஒரு காய்ச்சலில் போய்விட்டார். உம்மா அதே மருத்துவமனையில் கிழிந்த படுக்கை விரிப்புகளுக்கு ஓரம் அடிக்கும் வேலையில் சேர்ந்தார். ஒரு நாள் அறுவை மருத்துவர் ஒருவர், எங்கிருந்தோ வரவழைத்த ஒரு கையுறையைக் கொண்டுவந்து, "இதைப் பிரிச்சுப் பாருங்கம்மா, நம்ம இங்கேயே தைக்க முடியுமா?" என்று கேட்டாராம். உம்மா பிரித்தார். அதே மாதிரி ஒன்று தைத்தார். மூன்று நாள் தன் கையிலேயே மாட்டிக்கொண்டு சமைத்தார், துணி துவைத்தார். "நான் போட்டுப் பார்க்காம இன்னொருத்தர் கையில எப்படி மாட்டறது?" என்றார்.

அளவு நாடாவை அவர் தொடமாட்டார். நீளமான காகிதப் பட்டையை மணிக்கட்டில் சுற்றி, சேரும் இடத்தில் பென்சிலால் குறி வைப்பார். பிறகு இரண்டு விரல் மேலே, மறுபடி குறி. ஒரு கைக்குப் பதினெட்டுக் குறிகள். கடைசிக் குறி வைத்ததும் நோயாளியிடம் "நன்றி" என்று சொல்லிவிட்டுப் பட்டையைச் சுருட்டுவார். வார்டின் தலைமை நர்ஸான பெரிய சிஸ்டருக்கு அது எப்போதும் சிரிப்பு.

"அவங்கதான் உங்களுக்கு நன்றி சொல்லணும். நீங்க சொல்லிட்டிருக்கீங்க."

"வெந்த தோலைத் தொட விடறாங்களே சிஸ்டர். நானா இருந்தா விடமாட்டேன்."

பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்தபோது எனக்கு இருபத்துநான்கு வயது. ஒரு திங்கட்கிழமை, காலை எட்டரை. ஒன்பது பேர் இறந்தார்கள். முப்பத்தொரு பேர் உம்மாவின் வார்டுக்கு வந்தார்கள். பையை வைத்தவன் பிடிபட்டான். வெடிப்பதற்கு முன் அவன் எடுத்த வீடியோ மறுநாள் எல்லாத் தொலைபேசியிலும் இருந்தது. எங்கள் வேதத்தில் போர் பற்றிய ஒரு வரியைச் சொல்லி, அதனால்தான் இதைச் செய்கிறேன் என்றான். அவனை எங்களுக்குத் தெரியும். எங்கள் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை மூன்றாவது வரிசையில் நிற்பவன். அவன் பள்ளிக்கூடச் சட்டைக்கு உம்மா பொத்தான் தைத்துக் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் காலை உம்மா வழக்கம் போலத் தலைத்துணியைச் சுற்றிக்கொண்டு செருப்பைத் தேடினார். நான் வாசலை மறித்து நின்றேன்.

"இன்னைக்குப் போக வேண்டாம்மா."

"முப்பது பேர் வெந்து கிடக்காங்க."

"ஆறு வாரம் கழிச்சுத்தான் உங்க வேலை வரும்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

"துணிக்கு எழுதிப் போட்டா வந்து சேர ஆறு வாரம் ஆகும்டா. தள்ளு."

"அப்ப தலையில துணி இல்லாமப் போங்க. ஒரு வாரம்தான். இல்லாட்டி எல்லாரும் சொல்ற மாதிரி நீங்களும் சொல்லுங்க, இதுக்கும் நம்ம மார்க்கத்துக்கும் சம்பந்தமே இல்லைன்னு."

உம்மா ஒரு காலில் செருப்போடு நின்றார். "நம்ம வரிசையில நின்னவன். நம்ம புத்தகத்தைத்தான் சொன்னான். நம்ம வீட்டு ஆளே இல்லைன்னு எப்படிச் சொல்றது? நம்ம வீட்டுலதான் என்னமோ சரியில்லாம இருந்திருக்கு. நான் கவனிக்கல."

நான் தொழுகையை விட்டு மூன்று வருடமாகியிருந்தது. எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. மற்றவர்கள் சொன்னதில் ஒரு நிம்மதி இருந்தது. உம்மா அந்த நிம்மதியைத் தரவில்லை.

ஏழாவது வாரம் உம்மாவின் முறை வந்தது. அந்த முப்பத்தொரு பேரில் ஒருவர் பேருந்து ஓட்டுநர். எரிகிற வண்டியின் பின் ஜன்னல் வழியாக நான்கு பேரை வெளியே இழுத்தவர். வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. உரத்த குரல். வலி வந்தால் மூன்று மாடிக்குக் கேட்கும். வார்டில் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர். அவர் முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள், அவரும் திரும்புவார்.

உம்மா காகிதப் பட்டையோடு போய் நின்றபோது நடந்ததைப் பெரிய சிஸ்டர் எனக்குச் சொன்னார்.

"நீங்க யாரு?" என்று கேட்டிருக்கிறார் ஹாரன்.

"கைக்கு உறை தைக்கிறவங்க. அளவு எடுக்கணும்."

அவர் தலைத்துணியைப் பார்த்தார். "அந்தக் குண்டு வச்சவனோட ஆளுங்களா?"

"ஒரே பள்ளிவாசல்."

சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். "அதைப் போய் யாராவது சொல்வாங்களா?" என்று என்னிடமே இரண்டு முறை கேட்டார்.

"அப்படின்னா உங்க கை என் மேல படக்கூடாது," என்றார் ஹாரன். அதைக் கத்தாமல் சொன்னார்.

உம்மா பட்டையைச் சுருட்டிக்கொண்டு மாடி ஏறிவிட்டார்.

அளவு எடுக்கும் வேலை பிசியோதெரபிஸ்டிடம் போனது. இளைஞர், சுத்தமாக வேலை செய்பவர். காலை ஏழு மணிக்கு, டியூட்டி தொடங்கும் முன்பே, நாடாவால் பதினெட்டு இடத்தில் அளந்து ஒரு தாளில் எழுதி மேலே அனுப்பினார். உம்மா அந்தத் தாளின்படி தைத்தார். மூன்றாம் நாள் கையுறை கீழே போனது.

ஹாரன் அதை மாட்டிக்கொண்டு பகல் முழுக்க வராந்தாவில் நடந்தார். மாலையில் விரல்கள் நீலமாயின. யாரையும் கூப்பிடாமல் தானே இழுத்துக் கழற்றினார். மணிக்கட்டில் புதுத் தோல் உரிந்தது. மறுநாள் அவர் மனைவி எழுதிய புகார் மருத்துவமனை சூப்பிரண்டு மேசையில் இருந்தது. தையல்காரர் வேண்டுமென்றே இறுக்கமாகத் தைத்தார் என்று அதில் இருந்தது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று உம்மாவிடம் சொன்னார்கள். ஒன்பது நாள் கழித்து விசாரணை.

அந்த ஒன்பது நாளும் ஹாரனின் கையில் எந்த உறையும் இல்லை. யார் தைத்தாலும் இனிப் போடமாட்டேன் என்றார். விரலை மடக்கச் சொன்னால், நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையில் நாற்பத்தொரு மில்லிமீட்டர் இடைவெளி. அந்தக் கையால் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. ஒவ்வொரு வாரமும் தோல் இன்னும் கெட்டியாகும். பிறகு கத்திதான். உம்மா வீட்டில் உட்கார்ந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் தொழில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது. ஒரு கருவி பத்து என்று காட்டினால் அது உண்மையில் பத்தா என்று பார்த்துச் சான்று கொடுப்பேன். அந்தக் கையுறையையும் அப்படித்தான் பார்த்தேன். சூப்பிரண்டிடம் எழுதிக் கேட்டு வாங்கிவந்தேன். தாளில் மணிக்கட்டுச் சுற்றளவு நூற்று எழுபத்தொரு மில்லிமீட்டர். அதில் நூற்றுக்குப் பதினைந்து குறைத்து, நூற்று நாற்பத்தைந்தில் தைத்திருந்தார். சரியாக இருந்தது. மற்ற பதினேழு இடத்திலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிழை இல்லை.

அப்புறம்தான் தோன்றியது. பெரிய சிஸ்டரிடம், ஹாரனின் மணிக்கட்டைக் காலையும் மாலையும் அளந்து சொல்லச் சொன்னேன். காலையில் நூற்று எழுபத்தொன்று. மாலையில் நூற்று எண்பத்திரண்டு. இரவெல்லாம் இரண்டு தலையணை மேல் தூக்கி வைத்த கை காலையில் வடிந்திருக்கும். பகலில் தொங்கவிட்டு நடந்தால் வீங்கும். பட்டறையில் இந்த இரண்டு சுற்றளவுக்கும் இரண்டு மர உருளைகள் கடைந்தேன். துணிக்கு அடியில் மெல்லிய அழுத்தமானி வைத்துப் பார்த்தேன். சின்ன உருளையில் அழுத்தம் இருபத்துநான்கு, இருக்க வேண்டிய அளவு. பெரியதில் முப்பத்தாறு, விரலை நீலமாக்கும் அளவு.

எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உம்மா சமையலறையில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். படித்துக் காட்டினேன்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லை. அளவெடுத்த நேரம்தான் தப்பு."

"எனக்குத் தெரியும்," என்றார் உம்மா.

"என்ன தெரியும்?"

"தாளைப் பார்த்தப்பவே தெரியும். நூத்தி எழுபத்தொண்ணு. பஸ் ஓட்டறவர் மணிக்கட்டு, அதுவும் வெந்து வீங்கினது. அவ்வளவு சின்னதா இருக்காது. இதை எந்த நேரத்துல எடுத்தீங்கன்னு கேட்டிருக்கணும்."

"ஏன் கேட்கல?"

அவர் இன்னொரு வெங்காயத்தை எடுத்தார். "தொடாதேன்னு சொன்னாரே. அந்தக் கோவம். தாள்ல இருக்கறதைத் தைக்கிறேன், எனக்கென்னன்னு இருந்துட்டேன்."

"இதை அங்கே சொல்ல வேண்டாம்."

"ஏன்?"

"வேலை போயிடும்மா. இந்தத் தாளே போதும், நீங்க வெளியே வந்துடலாம்."

"பிசியோ தம்பி உள்ளே போயிடுவாரே."

"அவர்தானே அளந்தாரு."

உம்மா அடுத்த வெங்காயத்தை உரித்தார். கண்ணில் தண்ணீர் இருந்தது. வெங்காயம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

விசாரணை சூப்பிரண்டின் அறையில் நடந்தது. மின்விசிறி, ஒரு நீளமேசை, ஏழு நாற்காலிகள். அறிக்கையை விளக்க என்னையும் உள்ளே விட்டார்கள். ஹாரன் கையை ஒரு தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. சூப்பிரண்டு என் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார்.

"ஆக, துணி சரி. அளவு எடுத்த நேரம்தான் பிரச்சினை," என்றார்.

பிசியோ தரையைப் பார்த்தார். "காலையில எடுத்தா மாறும்னு எனக்கு யாரும் சொல்லித் தரல சார்."

"நான் சொல்லியிருக்கணும் சார்," என்றார் உம்மா.

நான் அவர் முழங்கையைத் தொட்டேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"அந்தத் தாளைப் பார்த்தவுடனே சந்தேகம் வந்துச்சு. படி இறங்கினா வார்டு. ரெண்டு நிமிஷ வேலை. நான் இறங்கல. இவர் தொட வேண்டாம்னு சொன்னது மனசுல இருந்துச்சு. வேணும்னு இறுக்கல சார். ஆனா இறுக்கும்னு ஒரு சந்தேகம் இருந்தும் நிறுத்தல."

சூப்பிரண்டு பேனாவை மூடினார். அதை மறுபடி திறந்தார். எனக்குக் காது சூடாகியிருந்தது.

ஹாரன்தான் பேசினார். "நான் ஒண்ணு கேட்கணும். அவன் வீடியோவுல சொன்னானே, அந்த வரி உங்க வேதத்துல இருக்கா, இல்லையா?"

"இது விசாரணைக்கு சம்பந்தம் இல்லாத..." என்று தொடங்கினார் சூப்பிரண்டு.

"இருக்கட்டும் சார். ரெண்டு மாசமா டிவியில பெரியவங்க எல்லாரும் இது வேற, அது வேறன்னுட்டே இருக்காங்க. ஒருத்தரும் இருக்கா இல்லையான்னு சொல்லல."

"இருக்கு," என்றார் உம்மா.

ஹாரனின் மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"வீட்டை விட்டு அடிச்சு விரட்டப்பட்டவங்களுக்கு, சண்டை நடந்துட்டிருந்த நேரத்துல வந்த வரி அது. அதுக்கு முந்தின வரியிலேயே, உன்னோட சண்டைக்கு வந்தவனோட மட்டும்தான், எல்லை தாண்டாதேன்னு இருக்கு. அந்தப் பையன் முன்னால இருக்கறதையும் படிக்கல, பின்னால இருக்கறதையும் படிக்கல. யாரோ ஒரு வரியைத் தாள்ல எழுதிக் கொடுத்தாங்க. யாருக்காக எடுத்த அளவு, எந்த நேரத்துல எடுத்ததுன்னு கேட்காம அப்படியே செஞ்சுட்டான்." உம்மா நிறுத்தி, மேசை மேல் இருந்த கையுறையைப் பார்த்தார். "நானும் கேட்காமத்தான் தைச்சேன். அதனால அவனைப் பத்தி நான் ரொம்பப் பேசக்கூடாது."

"என் வண்டியில தினமும் கடைசி வரிசையில ஒரு பொண்ணு வருவா," என்றார் ஹாரன். "காலேஜ் பொண்ணு. வண்டியைக் கொஞ்சம் வேகமா ஓட்டுங்கண்ணேன்னு தினமும் நச்சரிப்பா. நாலு பேரை இழுத்தேன். அவளை இழுக்க முடியல. நீங்க சொல்றதெல்லாம் அவளுக்கு என்னத்துக்கு ஆச்சு?"

"ஒண்ணுத்துக்கும் ஆகல," என்றார் உம்மா. "அவளுக்குச் சொல்ல என்கிட்ட எதுவும் இல்லை."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஹாரன் தன் கையைப் பார்த்தார். விரலை மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை.

"எத்தனை மணிக்கு அளக்கணும்?"

"சாயங்காலம் அஞ்சு. நடந்து முடிச்சப்புறம்."

"இன்னைக்கே வாங்க. வலிச்சா கத்துவேன்."

"கத்துங்க. வார்டு பழகிடுச்சு."

சூப்பிரண்டு உம்மாவுக்கும் பிசியோவுக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். உம்மாவுக்கு அடுத்த நிலைக்குப் போகும் வாய்ப்பு அதோடு போனது. கடைசி வரை நிலை இரண்டுதான்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். தெரு முனை வந்ததும் அடக்க முடியவில்லை. "உங்களைக் காப்பாத்தத்தான் ரெண்டு உருளை கடைஞ்சேன்."

"அழகாக் கடைஞ்சிருந்தே," என்றார் உம்மா. "சின்னதை எனக்குக் கொடு. மாவு தேய்க்க நல்லா இருக்கும்."

அது இன்னும் எங்கள் சமையலறையில் இருக்கிறது. சுற்றளவு நூற்று எழுபத்தொன்று.

ஏன் மனம் மாறினார் என்று பல வருடம் கழித்து ஹாரனிடம் கேட்டேன். "மாறலையே," என்றார். "உங்க சாமி, வேதம் எல்லாம் எனக்கு இன்னும் விளங்கல. ஆனா தப்பிச்சுக்க ஒரு காகிதம் கையில இருந்துச்சு. பெத்த பையன் முத்திரை போட்டுக் கொடுத்த காகிதம். அதை வச்சுக்கிட்டே அந்தம்மா தானாப் போய் மாட்டிக்கிட்டாங்க. கைக்கு உறைன்னா இப்படி ஒரு ஆளு தைக்கட்டும்னு தோணுச்சு."

அன்று மாலை ஐந்து மணிக்கு உம்மா பதினெட்டுக் குறிகள் வைத்தார். பட்டையின் தலைப்பில் முதல் முறையாக நேரத்தை எழுதினார். அன்றிலிருந்து அவர் எடுத்த எல்லாப் பட்டையிலும் நேரம் இருந்தது. பிசியோவும் எழுத ஆரம்பித்தார். அவர்தான் இப்போது அந்தப் பிரிவுக்குத் தலைவர். அங்கே நேரம் எழுதாத அளவுத் தாளை இன்றைக்கும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

கடைசிக் குறி வைத்துவிட்டு உம்மா "நன்றி" என்றார். ஹாரன் என்ன சொல்வதென்று தெரியாமல் "சரி சரி" என்றாராம்.

அதோடு உம்மா விடவில்லை. அந்த வாரம் இமாமைப் பார்க்கப் போனார். நான் கூடப் போய் வாசலில் நின்றேன். இமாம் நல்ல மனிதர், பயந்த சுபாவம். வெடிப்புக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அமைதி, அன்பு என்றே பேசிக்கொண்டிருந்தார்.

"அந்த வரியை எடுத்து வச்சுப் பேசுங்க ஹஜ்ரத்," என்றார் உம்மா.

"இப்ப அதைத் தொட வேண்டாம்மா. வெளியே வேற மாதிரி அர்த்தம் பண்ணுவாங்க."

"நீங்க தொடலைன்னா வேற யாராவது பசங்களுக்குச் சொல்லித் தருவாங்க. தந்தாங்களே. எப்ப வந்துச்சு, யாருக்கு வந்துச்சு, முன்னால என்ன, பின்னால என்ன, அதைச் சேர்த்துச் சொல்லுங்க. நான் படிக்காதவ. துணி தைக்கிறவ. எனக்கே அது தெரியும்போது மூணாவது வரிசையில நின்னவனுக்கு ஏன் தெரியல?"

இமாம் மூன்று வெள்ளி தள்ளிப்போட்டார். நான்காவது வெள்ளி பேசினார். நடுவில் ஆறு பேர் எழுந்து போனார்கள். நான் அன்று போயிருந்தேன். அவர் சொன்னதெல்லாம் எனக்குப் போதவில்லை, இப்போதும் போதவில்லை. இறந்துபோன ஒன்பது பேருக்கு அது காணாது. ஆனால் எழுந்து போன ஆறு பேரில் இரண்டு பேர் அடுத்த வாரம் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நானும் போயிருந்தேன்.

ஹாரன் பதினான்கு மாதம் உறை போட்டிருந்தார். மொத்தம் ஏழு கையுறைகள். கை மாற மாற உம்மா புதிதாக அளந்து தைத்தார். ஒவ்வொரு முறையும் சண்டை.

"இது கையுறையா, கைவிலங்கா?"

"விலங்குன்னா சாவி கேட்பீங்களே. கேட்கலையே இன்னும்."

"கேட்டா கொடுப்பீங்களா?"

"மடக்குங்க, பார்க்கலாம்."

இடைவெளியை உம்மா பட்டையின் ஓரத்தில் எழுதி வந்தார். நாற்பத்தொன்று. முப்பத்துநான்கு. முப்பத்துநான்கு. இருபத்தேழு. பதினைந்து. ஆறு. ஆறில் வெகுநாள் நின்றது. அந்த நாட்களில் ஹாரன் கத்துவதையே விட்டுவிட்டதாகப் பெரிய சிஸ்டர் சொன்னார், அதுதான் தனக்குப் பயமாக இருந்தது என்றார். பிறகு மூன்று. அதற்கு மேல் உம்மா எழுதவில்லை. பிடிமானப் பரிசோதனையில் தேறி, ஹாரன் வேறு வழித்தடத்தில் வண்டி ஓட்டினார். எங்கள் தெருவைக் கடக்கும்போது ஒரு தடவை ஹாரன் அடிப்பார். உம்மா சமையலறையிலிருந்தே "கை நல்லாத்தான் இருக்கு" என்பார்.

மாதக் கடைசிகளில், மொத்தம் ஏழெட்டுத் தடவை வீட்டுக்கு வந்திருக்கிறார். உட்காரமாட்டார். கையை நீட்டுவார். உம்மா திருப்பிப் பார்ப்பார். கடைசி வரிசைப் பெண்ணைப் பற்றி இருவரும் மறுபடி பேசியதாகத் தெரியவில்லை. ஒரு முறை மட்டும், அவர் போன பிறகு, உம்மா தொழுகை விரிப்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

உம்மா ஒரு புதன்கிழமை காலையில் போனார். இதயம். நான் மருத்துவமனையில் கூட இருந்தேன். அவர் வேலை செய்த அதே கட்டடம், மூன்று மாடி மேலே. ஓய்வு பெற்றுவிட்ட பெரிய சிஸ்டர் ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தார். பிசியோ வந்தார். அளவெடுத்த கைகள் நிறைய வந்தன. யார் யார் என்று எனக்குத் தெரியாது. சிலர் சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினார்கள்.

அடக்கம் செய்யும் இடத்தில் ஹாரன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். நான் பார்த்துக் கூப்பிட்டேன். அருகே வந்து மெதுவாகக் கேட்டார்:

"எத்தனை மணிக்கு?"

"காலையில ஆறு பத்து."

அவர் அதை மனதில் எழுதிக்கொள்வது போலத் தலையசைத்தார்.

எங்களில், குழியில் உடலை வைத்து மூடும்போது வந்திருப்பவர்கள் ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவார்கள். நான் போட்டுவிட்டு நகர்ந்தேன். ஹாரன் என்னைப் பார்த்தார். தானும் போடலாமா என்று அவர் கேட்கவில்லை, கேட்க நினைத்தது தெரிந்தது. இமாம், அதே இமாம்தான், இப்போது கிழவர், ஒதுங்கி இடம் விட்டார்.

ஹாரன் குனிந்து வலது கையால் அள்ளினார். மழை பெய்யாத மண், மாவு போல இருந்தது. அப்படிப்பட்ட மண் விரல் இடுக்கில் ஒழுகிவிடும். நான் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழவழவென்று மினுங்கும் அந்தத் தோல் விரல்களோடு சேர்ந்து மடங்கியது. நடுவிரல் நுனி உள்ளங்கையைத் தொட்டது. ஒரு பொட்டு மண்ணும் கீழே விழவில்லை. மூன்று தடவை.

அவர் கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நன்றி," என்றேன்.

"சரி சரி," என்றார் ஹாரன்.